102-ஆம் நம்பர் பஸ்ஸிலிருந்து அப்பாவுக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் பேசுவது காதோடு போய்விடுகிறது, கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிக்கலாம் என்றீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். அம்மா குளிரைப் பற்றிக் கேட்டாள், நீங்கள் பஸ்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் பஸ்.

நான் வேலைக்குப் போவது 102-ஆம் நம்பரில், மார்க்கம் ரோடு வழியாக. உங்களைப் போலக் கண்டக்டர் கிடையாது, டிரைவர் மட்டும்தான். முன்கதவில் ஏறி, முன்பே பணம் போட்டு வைத்த பிரஸ்டோ கார்டை ஒரு பெட்டியில் தொட்டால் டிக்கெட் எடுத்தாயிற்று. இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தாய்மார்களோடு மல்லுக்கட்டும் வேலை டிரைவருக்கு இல்லை. பணமாகப் போட்டால் மீதி தரமாட்டார்கள். ஆலங்குளத்தில் ஒருநாள் அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

வயதானவர்கள் ஏறும்போது பஸ் 'புஸ்' என்று மூச்சுவிட்டு வாசல் பக்கம் தாழ்ந்து கொடுக்கும். கோயில் யானை மண்டியிடுவது போல இருக்கும். சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் சாய்தளம் வெளியே நீளும். அவர் உள்ளே வந்து சேரும் வரை வண்டி நகராது. யாரும் பின்னாலிருந்து சத்தம் போடுவதில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் விடியற்காலை ஐந்து மணி வரை, தனியாக வருகிறவர்கள் கேட்டால் இரண்டு ஸ்டாப்புக்கு நடுவிலும் நிறுத்துவார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது நானும் கேட்டிருக்கிறேன். அந்த டிரைவர் எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டு, நான் முனை திரும்பும் வரை விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். அது அவருடைய டியூட்டியில் சேர்ந்ததா என்று தெரியாது.

உங்களிடம் சொல்ல நினைத்தது இறங்கும்போது நடப்பதைத்தான். பின்கதவில் இறங்குகிறவர்கள்கூட அங்கிருந்தே முன்பக்கம் பார்த்து "தேங்க்யூ" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடப் பையன்கள், காதில் எதையோ மாட்டிக்கொண்டிருக்கிற காலேஜ் பிள்ளைகள், எல்லாரும்தான். டிரைவர் சிலசமயம் கையைத் தூக்குவார், சிலசமயம் கண்டுகொள்ளவே மாட்டார். முதல் ஒரு மாதம் எனக்கு வாயே வரவில்லை. சம்பளத்துக்கு ஓட்டுகிறார், எதற்கு நன்றி என்றுதான் தோன்றியது.

எல்லாரும் தங்கமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போல ஒரு தடுப்பு இருக்கிறது. துப்புகிறவர்களும் அடிக்கிறவர்களும் இருப்பதால் வைத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், தென்காசி வண்டியில் யாரோ பிடித்து இழுத்துப் பொத்தான் தெறித்த சட்டையோடு நீங்கள் வீட்டுக்கு வந்த ராத்திரி ஞாபகம் வரும். அம்மா ஒன்றும் கேட்காமல் ஊசியில் நூல் கோத்தாள்.

சரி, குளிர். பனி கொட்டினால் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கே பனி வழிக்கும் வண்டி வந்துவிடும். அதன் நீல விளக்கு எங்கள் சுவரில் சுற்றிச் சுற்றி வரும். காலையில் நாங்கள் எழும்போது ரோடு கறுப்பாக, உப்பு தூவிக் கிடக்கும். ஓட்டியவர் முகத்தை இந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. வழித்த பனியை வீட்டு வாசலில் வரப்பு போலக் குவித்துவிட்டுப் போகிறாரே என்று வைவது மட்டும் தவறாமல் நடக்கிறது. நானும் வைதிருக்கிறேன்.

பள்ளிக்கூட முனையில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். கையில் 'ஸ்டாப்' பலகை, தலையில் மூன்று சுற்று மப்ளர். என்னைப் பார்த்தால் "பிள்ளை, வழுக்கும், பார்த்துப் போங்கோ" என்பார். போன வாரம், "அப்பா என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டார். "பஸ் கண்டக்டர்" என்றேன். உடனே எந்த ரூட், எத்தனை வருசம் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு பஸ் போய்விட்டது.

அங்கே காலேஜில் படிக்கும்போது, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கவர்ன்மெண்ட் வேலை" என்று மட்டும் சொல்வேன். இது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒருநாள் பாவூர்சத்திரத்தில் சிநேகிதிகளோடு உங்கள் வண்டியில் ஏறிவிட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு எல்லாரிடமும் கேட்பது போலவே "எங்கம்மா போகணும்?" என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தீர்கள். திருநெல்வேலியில் பின்படியில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போனேன். அன்றைக்கு ராத்திரி நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது தினமும் காலையில் 102-லிருந்து இறங்கும்போது கொஞ்சம் உரக்கவே "தேங்க்யூ" சொல்கிறேன். டிரைவர் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை.

மே மாதம் நீங்கள் வரும்போது முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரலாம். அம்மாவின் மூட்டுவலித் தைலத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள். விசில் வேண்டாம். சரி, கொண்டுவந்தாலும் பஸ்ஸில் ஊதிவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்