இடது கால் அளவு

அன்புள்ள மகனுக்கு,

இடுப்பு மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் மட்டும் சொல்லி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாயாம். ரகசியம் காக்க உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ஒன்பதாம் வகுப்பில் முழங்கால் வலிக்கிறது என்றாய். முழங்காலைத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை, வளர்கிற வயது என்றார்கள். நானும் தைலம் தேய்த்துவிட்டு, "நொண்டாமல் நட" என்று அதட்டினேன். உன் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக இரண்டரை வருடம் சென்னைக்கு அலைந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தோம். ஒன்றும் இல்லை என்ற சொல்லை எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருடம் சீருடைப் பேண்ட் இடது பக்கம் தரையில் உரசுகிறது என்றாய். அரை இஞ்ச் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். முப்பது வருடமாகக் கழுத்தில் டேப் போட்டிருப்பவனுக்கு, நீண்டது துணியல்ல, குறைந்தது கால் என்று தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தொடை எலும்பின் உருண்டைத் தலை ரத்த ஓட்டமில்லாமல் செத்து, அமுங்கிப் போயிருந்தது. இடுப்பில் இருக்கும் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியுமாம்.

புற்றுநோய்க்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த வாரங்களில் நள்ளிரவில் எழுப்பி இட்லி கேட்பாய். முகம் பூரி மாதிரி உப்பியிருக்கும். பிள்ளை சாப்பிடுகிறானே என்று பூரித்தோம். எலும்பைக் கெடுத்ததும் அந்த மாத்திரைதான். அது இல்லாமல் நீ பிழைத்திருக்கமாட்டாய் என்பதால் திட்டவும் வாய் வரவில்லை. பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம், அதை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கொடுத்தால் குறைகிறது என்பதெல்லாம் பிற்பாடு படித்தேன். உனக்கு அப்போது 12 வயது.

கல்யாணம் முடியட்டும், பிறகு அறுவை சிகிச்சை என்கிறாள் அம்மா. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். பெண் வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம். செயற்கை மூட்டு ஆயுள் முழுக்க வராது, பிறகு ஒருமுறை மாற்ற வேண்டிவரலாம் என்று நீ தயங்குவது புரிகிறது. அதற்காக இந்த வயதில் மாடிப்படியைப் பார்த்து மலைத்து நிற்பதா? பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே. தேதி வாங்கியதும் சொல், நான் வந்து உடன் இருக்கிறேன்.

தீபாவளிக்கு உனக்குப் பேண்ட் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் வெட்டவில்லை. நீ எழுந்து நடந்த பிறகு இரண்டு காலையும் தனித்தனியாக அளந்துகொள்கிறேன்.

அப்பா