கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்குற அண்ணன் தம்பிங்களே, சாஃப்ட்வேர் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க

கடலூர் லாரன்ஸ் ரோடு, மஞ்சக்குப்பம், ஓல்டு டவுன், அப்படியே பாண்டி வரைக்கும் கம்ப்யூட்டர் சேல்ஸ் சர்வீஸ் கடை வெச்சிருக்குற எல்லாருக்கும் வணக்கம். உங்க கிட்ட கோவமா பேச வரல, எங்க வீட்ல நடந்தத சொல்லி ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்.

என் தம்பி பொண்டாட்டி நெல்லிக்குப்பம் பக்கம் சின்னதா ஜெராக்ஸ், டைப்பிங் கடை போட்டிருக்கா. கடைக்குன்னு அசெம்பிள்டு சிஸ்டம் ஒண்ணு வாங்கினோம், போட்டுக் குடுத்த பையன் பென்டிரைவ சொருகி அரை மணி நேரத்துல முப்பது சாஃப்ட்வேர் கிட்ட ஏத்திட்டு "எல்லாம் ஃபுல்லா போட்டுட்டேங்கா, தனியா காசு வேணாம்"னு சொன்னான், நாங்களும் சந்தோஷமா எடுத்துட்டு வந்துட்டோம். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், அவன் கெட்டவனும் இல்ல, ஊர்ல எல்லாரும் பண்றதத்தான் பண்ணான்.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல எந்த ஃபைலும் தொறக்கல. எல்லா பேருக்கும் வால்ல புதுசா நாலு எழுத்து ஒட்டியிருக்கு, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு லெட்டர் கெடக்கு, 980 டாலர் குடு, 72 மணி நேரத்துக்குள்ள பேசினா பாதி, 490 குடுத்தா போதும்னு. டி டிரைவ்ல வெச்சா சேஃப்னு அந்தப் பையன் சொல்லியிருந்தான், ஆனா சியும் டியும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு துண்டுதான, ரெண்டும் சேர்ந்தே பூட்டிக்கிச்சு. கல்யாணப் பத்திரிகை டிசைன், பத்திர நகல், ஒரு ஆயாவோட முதியோர் பென்ஷன் மனு, எல்லாம் போச்சு. அந்த ஆயா மறுபடி ஆபீஸுக்கு அலைஞ்சாங்க, அதான் இன்னும் மனசுல நிக்குது.

அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். ஃபைல பூட்டி வெச்சு காசு கேக்குற வைரஸுக்கு ரான்சம்வேர்னு பேரு, அதுல ஸ்டாப்னு ஒரு குடும்பமே இருக்கு, அது பெரும்பாலும் காசு கட்டாம சாஃப்ட்வேர தொறக்குற கிராக் வழியாவும் ஆக்டிவேட்டர் வழியாவும்தான் பரவுது. கிராக் ஓடணும்னா மொதல்ல விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபென்டர ஆஃப் பண்ணணும், இது உங்களுக்கே தெரியும். வாசல்ல இருந்த காவலாள நாமளே வீட்டுக்கு அனுப்பிட்டு பொட்டிய கஸ்டமர் கைல குடுக்குறோம், அப்டேட்டும் நிப்பாட்டிடுறோம், நெட்டு தீர்ந்துடும்னு. 2017 மே மாசம் வானாக்ரைன்னு இன்னொரு ரான்சம்வேர் உலகம் பூரா அடிச்சப்போ அத தடுக்குற அப்டேட் மார்ச்லயே வந்துடுச்சு, அத போட்டிருந்த மெஷினுங்க தப்பிச்சுது. சட்டமும் இருக்கு, 1957 பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுல திருட்டு காப்பின்னு தெரிஞ்சே சாஃப்ட்வேர் பயன்படுத்தினா 7 நாள்லேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு போட்டிருக்கு. மாட்டிக்கிட்டா கஸ்டமரும் நிக்கணும்.

நான் கேக்குறது இதுதான், ஏத்துறதுக்கு முன்னாடி "இதுல என்ன வேலை பண்ணப் போறீங்க"ன்னு கேளுங்க. பதிலப் பொறுத்து நாலஞ்சு போதும், மத்தது எதுக்கு. பாதி பேருக்கு வேண்டியது எல்லாம் காசு இல்லாமயே கெடைக்குது, அதுவும் நேர்மையா.

படம் பாக்க விஎல்சி, 1996ல பாரிஸ் பக்கம் காலேஜ் பசங்க ஆரம்பிச்சது, எந்த ஃபார்மட் குடுத்தாலும் ஓட்டும், விளம்பரம் கெடையாது. ஜிப்புக்கு செவன் ஜிப், வின்ரார் 40 நாள் டிரையல், அத கிராக் பண்ண என்ன அவசியம் இருக்கு. லெட்டர் அடிக்க, கணக்கு போட லிப்ரே ஆபீஸ், வேர்டு ஃபைலயும் தொறக்கும், வேர்டு ஃபைலாவே சேவ் பண்ணியும் குடுக்கும். ஆனா மேக்ரோ, அதாவது தானா வேலை செய்யுற கட்டளை, நெறைய இருக்குற எக்செல் ஷீட்டு அதுல ஒழுங்கா ஓடாது, ஆபீஸ்ல அத வெச்சுதான் வேலைன்னா காசு குடுத்து ஒரிஜினல் வாங்கச் சொல்லுங்க, உண்மைய சொன்னா கஸ்டமர் வாங்குவாங்க. போட்டோ வேலைக்கு கிம்ப், பாஸ்போர்ட் சைஸ் வெட்டி அடுக்க அது தாராளம். கணக்கு எழுதுற டேலி கத்துக்குற பிள்ளைக்கு கிராக் எதுக்குங்க? எஜுகேஷனல் மோடு சும்மாவே கெடைக்குது, மாசத்துல 1, 2, 31 தேதிக்கு மட்டும்தான் என்ட்ரி போட முடியும், பழகிக்க அது போதும்.

தமிழ் டைப்பிங் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா இங்கதான் நெறைய தப்பு நடக்குது. தமிழ்னு சொன்ன ஒடனே பாமினி ஃபான்ட ஏத்தி விட்டுடுறீங்க. பாமினில அடிச்சா கண்ணுக்குத்தான் தமிழ், உள்ள இருக்கறது பூரா இங்கிலீஷ் எழுத்து, அந்த ஃபான்ட் இல்லாத எடத்துக்கு மெயில் அனுப்பினா குப்பையா தெரியும், தேடினாலும் கெடைக்காது. எந்த மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியுற யூனிகோடு முறைய தமிழ்நாடு அரசு 2010லயே ஸ்டாண்டர்டா அறிவிச்சுடுச்சு. இப்போ விண்டோஸ்லயே யூனிகோட்ல அடிக்க தமிழ் 99 கீபோர்டு இருக்கு, மொழி செட்டிங்ஸ்ல ரெண்டு நிமிஷ வேலை. பழைய பத்திரிகை டிசைனுக்கு பாமினி வேணும்னு கேக்குறவங்களுக்கு அதையும் போட்டுக் குடுங்க, வேணாம்னு சொல்லல, மனு எழுதுறவங்களுக்கு மட்டும் யூனிகோட பழக்கி விடுங்க.

நேரம் இல்லன்னு சொல்வீங்க, சீசன்ல கடை எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும். நைனைட்னு ஒரு தளம் இருக்கு, வேண்டியத டிக் பண்ணினா ஒரே இன்ஸ்டாலர்ல எல்லாம் புது வெர்ஷனா எறங்கும், டூல்பார் மாதிரி ஒட்டுண்ணி எதுவும் கூட வராது. வருஷக்கணக்கா கை மாறி வர்ற பென்டிரைவ விட அது எவ்வளவோ மேல். இன்னொண்ணு, சர்வீஸுக்கு ஈசியா இருக்கும்னு தூரத்துலேர்ந்தே மெஷின இயக்குற ரிமோட் சாஃப்ட்வேர ஒரே பாஸ்வேர்டோட எல்லா மெஷின்லயும் போட்டு வைக்காதீங்க, அந்த பாஸ்வேர்டு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா எல்லார் வீட்டுக்கும் சாவி.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுடுச்சு. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின செகண்ட் ஹேண்ட்ல விக்கறப்போ அத வாங்குறவங்க கிட்ட சொல்லிடுங்க, விண்டோஸுக்கு பதிலா காசில்லாம கெடைக்குற லினக்ஸ் மின்ட் போட்டும் காட்டுங்க. 2011லேர்ந்து குடுத்த அரசு லேப்டாப்புல பாஸ்னு ஒரு லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு, நம்ம பசங்களுக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. பாண்டில எஃப்எஸ்எச்எம்னு கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கமே இருக்கு.

கடைசியா பேக்கப். 2024ல ஃபெஞ்சல் புயல் வந்தப்போ பாண்டிலயும் கடலூர்லயும் தண்ணி எப்படி ஏறுச்சுன்னு உங்களுக்கு சொல்ல வேணாம், கீழ வெச்ச சிபியு எல்லாம் முழுகுச்சு. சிஸ்டம் குடுக்குறப்போ ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் சேத்து வித்துடுங்க, உங்களுக்கும் வியாபாரம், காப்பி எடுத்ததும் கழட்டி மேல வைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கழட்டாம விட்டா ரான்சம்வேர் அதையும் பூட்டிடும்.

அடுத்த மாசம் என் அக்கா பொண்ணுக்கு சிஸ்டம் வாங்க லாரன்ஸ் ரோட்டுக்குத்தான் வரேன். பி.காம் சேந்திருக்கா, தமிழ்ல டைப் பண்ணணும், டேலி கத்துக்கணும், அவ்வளவுதான் அவளுக்கு வேணும். ஏத்துறதுக்கு கூலி தனியா கேளுங்க, தரேன்.

இப்படிக்கு,
கடலூர்ல உங்க கஸ்டமர் ஒருத்தன்