போலீசிடம் சொன்னது சாட்சியமாகாது

ஆசிரியருக்கு,

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிக்கொண்டே துப்பறியும் கதையும் திரைக்கதையும் எழுதும் வழக்கறிஞரைப் பற்றிய கட்டுரை படித்தேன். மகிழ்ச்சி. நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நம் படங்களில் லாக்கப்பில் நாலு அடி விழுந்ததும் வாக்குமூலம் வரும், வழக்கு முடிந்துவிடும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக்கக் கூடாது என்று 1872 சாட்சியச் சட்டமே சொன்னது; 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கோர்ட் வராந்தாவில் மகனின் துவைத்த சட்டையை மடியில் வைத்தபடி, ஜாமீன் மனுவை எப்போது கூப்பிடுவார்கள் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்த தக்கலை அம்மா ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. அவரையும் எழுதுங்கள், வக்கீல் சார்.

– வாசகர், நாகர்கோவில்