அந்த டாங்கியில் நால்வர் இருந்தார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1971 இந்திய–பாகிஸ்தான் போரின் வெற்றி நாளான விஜய் திவஸை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபால் பற்றிய கட்டுரையைப் படித்தேன். டாங்கிப் படையில் குண்டு நிரப்பும் லோடராகப் பணியாற்றியவன் என்பதால் சில வார்த்தைகள் சேர்க்க விரும்புகிறேன்.

1950 அக்டோபரில் புனேயில் பிறந்த அருண், 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானார். டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றங்கரைப் போரில் வீரமரணம் அடைந்தபோது வயது இருபத்தொன்று. பணிக்காலம் ஆறே மாதம். அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி முடியும் முன்பே போர் வந்துவிட்டது.

கண்ணிவெடிகளை முழுதாக அகற்றும் முன்பே பூனா ஹார்ஸின் டாங்கிகள் ஆற்றைக் கடந்தன. எதிரே வந்தவை பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள். ஜர்பால் அருகே நடந்த மோதலில் நம் பக்கம் எஞ்சிய மூன்று டாங்கிகளுக்கு எதிரியின் பத்து டாங்கிகள் பலியாயின. அவற்றில் நான்கை அருண் வீழ்த்தினார் என்கிறது பரம்வீர் சக்ரா விருதுக் குறிப்பு. 'ஃபாமகுஸ்தா' என்று பெயரிட்ட அவருடைய சென்சூரியன் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்ததும், விட்டுவிட்டு வெளியேறும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறது, இறங்க மாட்டேன் என்றார் அந்தப் பிள்ளை.

கட்டுரை இதையெல்லாம் அருமையாகச் சொல்கிறது. ஆனால் சென்சூரியன் டாங்கியை ஒருவரால் ஓட்டிச் சுட முடியாது. கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர் என நால்வர் வேண்டும். கமாண்டர் இலக்கைக் காட்டுவார், கன்னர் குறிபார்ப்பார். கனமான குண்டை லோடர் கையால் தூக்கித் திணித்தால்தான் அடுத்த முறை சுட முடியும். அருணின் கடைசிச் சண்டைக்கும் அப்படித்தான் குண்டு ஏறியிருக்கும். அவருடைய லோடர் சோவார் (சிப்பாய்) நந்த் சிங்கும் அன்றே உயிர்நீத்தார். கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதிகாரியின் புகழைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. எரியும் வண்டிக்குள் அவரோடு இருந்தவரையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மறுப்பின் கனம் வாசகருக்குப் புரியும்.

தாங்கள் தொடாத இன்னொன்றும் உண்டு. 2001இல் அருணின் தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்ரபால், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், தாம் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பிரிகேடியர் க்வாஜா முகம்மது நாசர். விடைபெறும் முன் அந்த மனிதர் மனதைத் திறந்தார்: பசந்தரில் அருணின் டாங்கியைச் சுட்டது தாம்தான் என்று. போரின்போது அவர் பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் டாங்கிப் படைப்பிரிவு அதிகாரி. மகனைப் பறிகொடுத்தவரிடம் இதை நேருக்கு நேர் சொல்வதற்கும், கேட்டுக்கொண்டு நிற்பதற்கும் எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும்! இளைஞர்களுக்கு இந்தப் பகுதியையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அடுத்த டிசம்பர் இதழில் ஃபாமகுஸ்தாவின் நால்வருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற டாங்கிப் படை வீரர்,
வேலூர் மாவட்டம்