ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதமாக எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன், பொறுமையாகப் படி.

உன் குழுவுக்கு நீயே ஆள் எடுக்கும் முதல் வாய்ப்பு இது. நேர்முகத் தேர்வுக்கு முன் உன் சக ஊழியர் ஒருவர், விண்ணப்பித்த ஒவ்வொருவர் பெயரையும் இணையத்தில் தேடி, அவர்களுடைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு பெண் முன்பு வேலை பார்த்த இடத்தைப் பற்றிக் கோபமாக எழுதிய பதிவு அகப்பட்டது. அவரை அழைக்கவே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இன்னொருவர் நேரில் வந்தார். பருமனான உடம்பு, கசங்கிய சட்டை, முன்கையில் குத்திய பச்சை. "இவரிடம் சுறுசுறுப்பு இருக்காது" என்று அறையை விட்டு அவர் போவதற்குள் உன் மேலாளர் காதோடு சொன்னார். "ஊரறியப் போட்டிருப்பதைப் பார்ப்பதில் என்ன தவறு அம்மா? வருபவரைக் கண்ணை மூடிக்கொண்டா பார்க்க முடியும்?" என்று என்னைக் கேட்டாய்.

ஆள் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவள் நான். அதனால் தயங்காமல் சொல்கிறேன். நீங்கள் செய்வது தவறு கண்ணா. அந்தப் பெண்ணுக்கு அநியாயம், உன் குழுவுக்கும் நஷ்டம்.

நேர்முகத் தேர்வில் கேட்கக் கூடாத கேள்விகள் என்று சில உண்டு. நீங்கள் எந்த மதம், எந்தச் சாதி, யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா, வீட்டில் யாருக்காவது தீராத நோயா, உங்களுக்கே மன அழுத்தத்துக்கு மருந்து உண்டா? இவற்றை நீ வாய்விட்டுக் கேட்டால் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடலாம், வழக்கும் போடலாம். அவருடைய பக்கத்தைத் திறந்தாலோ இத்தனைக்கும் விடை ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. வளைகாப்புப் படம் இருக்கும். கோயில் திருவிழாவோ தேவாலயமோ மசூதியோ இருக்கும். புற்றுநோயிலிருந்து மீண்ட அம்மாவுக்கு எழுதிய வாழ்த்து இருக்கும். கேட்காமல் தெரிந்துகொண்டோம் என்பதால் அது கேட்டதாகாது என்று நினைத்துக்கொள்கிறோம். பார்த்ததை மனத்திலிருந்து அழிக்க யாராலும் முடியாது. பிறகு அந்த அறையில், "என்னவோ இவர் நம்முடன் ஒட்டமாட்டார் என்று தோன்றுகிறது" என்று ஒருவர் சொல்வார். அந்தத் 'தோன்றுகிறது' எங்கிருந்து வந்தது என்று சொல்பவருக்கே தெரிந்திருக்காது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அக்விஸ்டி, ஃபாங் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பயோடேட்டாவில் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெயரைத் தேடினால் வரும் சமூக ஊடகப் பக்கத்தில் மட்டும் ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் முஸ்லிம். 2020-இல் வெளியான முடிவின்படி, குடியரசுக் கட்சி ஆதரவு மிகுந்த பகுதிகளில் முஸ்லிமாகத் தெரிந்தவருக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு குறைவாகவே வந்தது. படிப்பு, அனுபவம் எல்லாம் அதே. வேறுபாடு முழுவதும் அந்தப் பக்கத்தில்தான்.

சரி, அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும், பக்கத்தைப் பார்த்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்றாவது தெரிகிறதே என்பாய். வேலைக்கு வேண்டியது தெரிவதில்லை. வான் இடக்கிங் என்பவரும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலை தேடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் பக்கங்களை, ஆள் எடுப்பதில் தேர்ந்தவர்களிடமே காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பின்னர் அதே ஆட்கள் வேலையில் சேர்ந்தபின் அவர்களுடைய மேலதிகாரிகளிடம் விசாரித்தார்கள். பக்கத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் வேலை செய்த தரத்துக்கும் தொடர்பே காணோம். யார் வேலையை விட்டுப் போவார் என்பதையும் அது காட்டவில்லை. பெண்களுக்கும் வெள்ளையர்களுக்கும் மதிப்பெண் கூடுதலாக விழுந்திருந்தது, அவ்வளவுதான். தொழில் தெரிந்தவர்கள் போட்ட மதிப்பெண் இது. உன் சக ஊழியர் இரவில் கைபேசியை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் இதைவிடப் பெரிதாக என்ன தெரிந்துவிடும்?

அந்தப் பெண்ணின் கோபப் பதிவையே எடுத்துக்கொள். என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? சம்பளம் தராமல் இழுத்தடித்தார்களா, யாராவது கையைப் பிடித்தார்களா? அந்தப் பக்கம் அவருடையதுதானா என்பதாவது உறுதியா? ஒரே பெயரில் எத்தனை பேர்! அவர் மீது குற்றம் சாட்டி, விசாரித்து, தீர்ப்பும் எழுதி முடித்துவிட்டீர்கள். அவருக்கோ வழக்கு நடந்ததே தெரியாது. எனக்கு மிகவும் வலித்தது இதுதான். நேரில் வந்து தோற்றால் எதில் தோற்றோம் என்று ஓரளவாவது புரியும், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இப்படித் தள்ளப்பட்டவர் எதைத் திருத்திக்கொள்வார்?

பக்கமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். விட்டுப் பிரிந்த கணவன் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவர் இருப்பார், அதெல்லாம் வேண்டாம் என்று இருப்பவரும் இருப்பார். அவர்களைப் பார்த்து "எதையோ மறைக்கிறார்" என்று சொல்லும் மேலாளர்களை நான் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

இனி தோற்றம். கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் கண் எப்படி ஏமாற்றும் என்பதைத் தெரிந்துகொண்டு உட்காரலாம். 1920-லேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் எழுதிவிட்டார். ராணுவத்தில் மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டபோது, ஒன்றில் நல்ல மதிப்பெண் பெற்றவர் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் பெற்றார். அகலமான தோளுக்கும் நேர்மைக்கும் என்ன சம்பந்தம்? பார்ப்பவர் மனத்தில்தான் சம்பந்தம். ஹேமர்மெஷ், பிடில் என்ற பொருளியலாளர்கள் 1994-இல் அமெரிக்க, கனடாத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். அழகு குறைந்தவர்களாக மதிப்பிடப்பட்டவர்கள் சராசரித் தோற்றம் கொண்டவர்களைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். முகத்தைக் காட்டிப் பிழைக்க வேண்டிய தொழில்களில் மட்டும் இப்படி என்றால் புரிந்துகொள்ளலாம். ஏறக்குறைய எல்லாத் தொழில்களிலும் அதே கதைதான்.

இதைவிட ஆழமாகப் போகிறது இன்னொரு விஷயம். 1977-இல் மார்க் ஸ்னைடரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனை. ஆண் மாணவர்கள் முன்பின் அறியாத பெண்களுடன் தொலைபேசியில் பேச வேண்டும். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு படம் கொடுக்கப்பட்டது. சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அப்படி இல்லாத படம். இரண்டுமே பேசப்போகும் பெண்ணுடையது அல்ல. பின்னர் பெண்களின் குரலை மட்டும் வேறு சிலரிடம் போட்டுக் காட்டினார்கள். படத்தைப் பற்றி எதுவும் தெரியாத அவர்கள், அழகி என்று எண்ணப்பட்ட பெண்களே கலகலப்பாகவும் நட்போடும் பேசினார்கள் என்றார்கள். பேசியவன் கனிவாகப் பேசினான், அதனால் அவளும் மலர்ந்தாள். அழகில்லை என்று எண்ணியவன் ஒப்புக்குப் பேசினான், அவள் சுருங்கிப்போனாள்.

நேர்முகத் தேர்விலும் இதையே கண்டிருக்கிறார்கள். வேர்ட், சன்னா, கூப்பர் என்ற மூவர் 1974-இல் வெளியிட்டது. வெள்ளையினத் தேர்வாளர்கள் கறுப்பின விண்ணப்பதாரர்களிடம் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளையின விண்ணப்பதாரர்களிடம் அதே மாதிரி தள்ளி உட்கார்ந்து பேசச் செய்தார்கள். அந்த விண்ணப்பதாரர்களும் தடுமாறினார்கள், தேர்வில் சோடை போனார்கள்.

உன் மேலாளர் அந்தக் கசங்கிய சட்டைக்காரரிடம் எப்படி உட்கார்ந்திருந்தார்? எத்தனை முறை கடிகாரத்தைப் பார்த்தார்? வந்தவர் சுருக்கமாகப் பேசினார் என்றாய். யார் சுருக்க வைத்தது என்று யோசித்தாயா? சட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து நேரே உன் அலுவலகப் படியேறுகிறவர் உண்டு. நல்ல சட்டை ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் உண்டு. உடையை வைத்து மதிப்பிட்டால் முக்கால்வாசி நேரம் நாம் அளப்பது அவருடைய பெற்றோரின் வருமானத்தை.

தோற்றத்தைப் பார்க்கவே கூடாத வேலை, பார்த்தே ஆக வேண்டிய வேலை என்று உண்டு. நச்சுவாயு உள்ள இடத்தில் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் கவசம் அணிய வேண்டியவருக்குத் தாடி ஆகாது. சமையலறையில் நகம் வளர்க்க முடியாது. அங்கெல்லாம் காரணத்தை எழுதிக் காட்டலாம். உன் குழுவில் கணினி முன்னால் உட்காரப்போகிறவருடைய இடுப்பளவுக்கு நீ என்ன காரணம் எழுதுவாய்?

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். பிரான்ஸ் 2001-லேயே உடல் தோற்றத்தைக் காரணம் காட்டி ஆளை ஒதுக்குவதைத் தடை செய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் உயரம், எடை இரண்டையும் பாகுபாடு காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2012-இல், விண்ணப்பதாரரிடம் சமூக ஊடகக் கடவுச்சொல்லைக் கேட்பதைத் தடுத்தது. ஆம், கடவுச்சொல்லையே கேட்டிருக்கிறார்கள்! ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டுக் குழுவும், ஒரு பக்கம் பொதுவில் திறந்திருக்கிறது என்பதாலேயே முதலாளி அதைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று 2017-இல் கருத்துத் தெரிவித்தது.

வெறுப்பைக் கக்குகிறவனை, பெண்களை மிரட்டுகிறவனைத் தெரியாமல் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். நியாயமான பயம், நான் தள்ளிவிடமாட்டேன். அதற்கு வழி இருக்கிறது. எதைத் தேடப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வன்முறை மிரட்டல், பிறர் மீது வெறுப்புப் பிரச்சாரம், பழைய நிறுவனத்தின் ரகசியத்தை வெளியிட்டது, இவை போன்றவை மட்டும். தேர்வு எல்லாம் முடிந்து ஒருவரை முடிவு செய்தபின், தேர்வுக் குழுவில் இல்லாத ஒருவர் பார்க்கட்டும். பார்க்கப்போவது விண்ணப்பதாரருக்கும் முன்பே தெரிந்திருக்கட்டும். ஏதாவது கிடைத்தால் அவரை அழைத்து, இது உங்களுடையதா, என்ன சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். மற்ற எதுவும் உன் காதுக்கு வரக் கூடாது.

அதுவரை நீ பார்க்க வேண்டியது வேலையை. உன் குழு அன்றாடம் செய்வதில் ஒரு சிறு பகுதியை எடுத்துக் கொடுத்து எல்லோரையும் செய்யச் சொல். பெயரை மறைத்துவிட்டுத் திருத்து. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் 1970, 80-களில் திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்து ஆள் எடுக்கத் தொடங்கின. காலடி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தார்கள். பெண்களின் வாய்ப்பு அதனால் எத்தனை மடங்கு கூடியது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் தீர்ப்பிட வேண்டாம் என்ற அந்த எண்ணத்தை எந்த வாதமும் அசைக்கவில்லை. நேரில் அழைக்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போட்டு, மற்றவர்களுடன் பேசுவதற்கு முன் எழுதி முடித்துவிடு. ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 1998-இலும் 2022-இலும் வந்த இரண்டு பெரிய தொகுப்புகளும், இப்படி வரையறுத்து நடத்தும் நேர்முகம் யார் நன்றாக வேலை செய்வார் என்பதை, வாய்க்கு வந்தபடி நடத்துவதைவிட நன்றாகக் கணிக்கிறது என்றே சொல்கின்றன.

மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உனக்கு இருக்கும். நியாயம் பேசுகிறான் என்று அவர் முகம் சுளிக்கலாம். அதனால் நியாயத்தில் தொடங்காதே. "நல்ல ஆளைத் தவறவிடுகிறோம், வழக்குக்கும் இடம் கொடுக்கிறோம்" என்று தொடங்கு. மதிப்பெண் தாளை நீயே தயாரித்து அவர் மேசையில் வை. தயாராக இருக்கும் தாளை வேண்டாம் என்பவர்கள் குறைவு.

வேலைக் கடிதம் இன்னும் யாருக்கும் போகவில்லை என்றாய். அப்படியானால் நேரம் இருக்கிறது. அந்தப் பெண்ணை அழைத்து நேர்முகத் தேர்வுக்கு நாள் கொடு. பதிவைப் பற்றி யாரும் வாயெடுக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள். பச்சை குத்தியவரை மறுபடி வரவழைத்து, மற்றவர்களுக்குத் தரும் அதே சிறு வேலையை அவருக்கும் கொடு. இருவருக்கும் அனுப்பும் செய்தியில், வழக்கமாக அணியும் உடையில் வந்தால் போதும் என்று ஒரு வரி சேர்த்துவிடு. முடிவு எப்படியானாலும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா