கடைசி ஊசியைப் போட எங்கள் வீட்டுக்கே வாருங்கள்: நீலகிரி கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் அரவேணு பக்கம் இருக்கிறேன். கொஞ்சம் தேயிலை, ஒரு கறவை மாடு, ஒரு தையல் மெஷின், இதுதான் எங்கள் பிழைப்பு. மாடு கன்று போட முடியாமல் கிடந்த ஒரு மழை ராத்திரியில், டார்ச் அடித்துக்கொண்டு எங்கள் சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்து இரண்டு உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர் உங்களில் ஒருவர். அதை என்றைக்கும் மறக்க மாட்டோம். அந்த உரிமையில்தான், பிழைக்க வழியில்லாத பிராணியை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் கடைசி ஊசியைப் பற்றி இதை எழுதுகிறேன்.

எங்கள் பூனை அம்மிணி போன ஜூலையில் இறந்துபோனாள். வயது 14. டீ ஃபேக்டரி விறகுக் கொட்டகையில் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தவள். இங்க் ஃபில்லரில் பால் கொடுத்து வளர்த்தோம். குளிர் நாட்களில் நெருப்புச் சட்டி பற்ற வைத்ததும் முதல் ஆளாக வந்து உட்காருவாள். அதனால் டிசம்பர், ஜனவரியில் மட்டும் அவள் மீசை நுனி கருகிச் சுருண்டிருக்கும்.

போன வருடக் கடைசியில் பக்கெட்டில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் அவள் தண்ணீர் குடித்தே நான் பார்த்ததில்லை. உடம்பும் இளைத்தது. காட்டியபோது, "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரலில் சோறு இறங்காமல் போனதும் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 9.4 இருந்தது. பூனைக்கு 5-ஐத் தாண்டினாலே சிறுநீரக நோயின் நான்காவது கட்டம், அதற்கு மேல் கட்டம் இல்லை என்றார்கள். சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் அந்த எண் ஏறவே தொடங்கும் என்பதும், கெட்ட சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாததால்தான் அவள் அப்படிக் குடித்தாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு பத்து வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், தோலுக்கடியில் 100 மில்லி ரிங்கர் லாக்டேட், அதாவது உடம்பில் நீர் வற்றாமல் இருக்க ஏற்றும் உப்பு நீர். பாட்டிலை வெந்நீரில் வைத்து, குளிர் போனதும் என் முன்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். இரண்டு தோளுக்கும் நடுவில் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியது. அப்புறம் அவளே மடியில் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள்.

ஜூலையில் அதுவும் கேட்கவில்லை. வாயெல்லாம் புண். மூச்சில் மூத்திர நெடி. தட்டருகே போவாள், முகர்வாள், எச்சில் ஒழுகத் திரும்பி வந்துவிடுவாள். வலிக்குப் பாதி பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார் ஒருவர். நல்ல வேளை, பூனைக்கு அது விஷம், ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும் என்று கோயம்புத்தூர் டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

அந்த நிலைமையில்தான் மலையிலேயே ஒரு மருத்துவரிடம் போய், ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். "அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். விடுங்க, தானாப் போயிடும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உயிரைக் காப்பாற்றப் படித்தவருக்குக் கை வராதுதான். கருணைக்கொலை என்கிற சொல்லிலேயே கொலை உட்கார்ந்திருக்கிறது, கேட்கிற எனக்கே வாய் கூசியது. ஆனால் தானாகப் போகிற வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள் நாங்கள். குமட்டல், புண், சில சமயம் வலிப்பு என்று அது நாள் கணக்கில் நீளும்.

சரி, கீழே கொண்டுபோவோம் என்று ஜீப் பிடித்தோம். அம்மிணிக்கு வண்டி என்றாலே ஆகாது. வளைவுக்கு வளைவு வாந்தி. வயிற்றில் எதுவும் இல்லை, வெறும் நுரை. குஞ்சப்பனையில் பலாப்பழ சீசன், யானைகள் ரோட்டில் நின்றன. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன, முக்கால் மணி நேரம் அசையவில்லை. யாரோ ஹாரன் அடித்தபோது கூடைக்குள் அவள் நகம் என் சேலையைப் பற்றியது. கொஞ்ச நேரத்தில் பிடி விட்டுப்போனது. கண்ணை மூடப் பார்த்தேன், மூடவில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று திரும்பத் திரும்ப மூடினேன். இறந்த பூனைக்குக் கண் திறந்தபடியே இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் பிழைக்க மாட்டாள் என்பது ஏப்ரலிலேயே தெரியும். அதை ஏற்றுக்கொண்டுதான் பத்து வாரம் இருந்தோம். நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில், அவள் சாக்கின் மேல் போயிருக்க வேண்டியவள் ஜீப்பில் போனாள். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

முதலில் மயக்க ஊசி, தூங்கிய பிறகு அளவுக்கு மேல் மயக்க மருந்து, சில நிமிடத்தில் மூச்சும் இதயமும் நின்றுவிடும் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்ற நிலைக்கு வந்த பிராணியின் துன்பத்தை முடிக்க இடம் கொடுக்கிறது. மருந்தைக் கையில் வைத்திருங்கள். மாட்டுக்கு 1962 என்கிற கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருக்கு போன் போட்டால் வண்டி வருகிறதே, இப்படிப்பட்ட நாளில் ஒரு பூனைக்காகவும் யாராவது வீடு தேடி வரட்டும். செலவை நாங்கள் கொடுக்கிறோம். உங்களுக்கு மனசு ஒப்பவில்லையா, வற்புறுத்த மாட்டோம், ஒப்புகிற இன்னொருவரின் நம்பரைக் கொடுங்கள். தானாப் போயிடும் என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அதற்கெல்லாம் முன்னால், வயதான பூனை அதிகம் தண்ணீர் குடிக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், தயவுசெய்து அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்கள். இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள், அழுதாலும் கேட்டுக்கொள்வோம்.

அம்மிணியைப் பேரி மரத்தடியில் புதைத்தோம். குழி வெட்ட வந்தது பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் வீட்டுப் பூனைக்கு இப்போது 12 வயது. பத்து நாளாக அது வாசல் குழாயடியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. என்னைக் கேட்டார், உங்களிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை கூடையில் போட்டுக்கொண்டு வருவார்.

இப்படிக்கு,
அம்மிணி வீட்டிலிருந்து