கோட்டைப் படத்தின் கீழே இரண்டு வரி சேருங்கள்

சென்னை நாள் விழாக் குழுவினருக்கும், ஆகஸ்டு பிறந்தால் சிறப்பிதழ் கொண்டுவரும் இதழாசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்டு 22 நெருங்கும்போதெல்லாம் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. முன்னால் ஆங்கிலக் கொடியுடன் கப்பல்கள்; பின்னால் கடலோரமாகப் புனித ஜார்ஜ் கோட்டை. யான் வான் ரைன் வரைந்து 1754-இல் லண்டனில் வெளியான படம். அழகான வேலைப்பாடு, மறுக்கவில்லை. அதன் கீழே 'அக்காலச் சென்னை' என்று மட்டும் அச்சிடுகிறீர்களே, அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இந்த வகைப் படங்களின் தொடக்கம் லண்டனில் இருக்கிறது. 1730-களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமையகத்தில் மாட்டுவதற்காக ஆறு ஓவியங்களை வரையச் செய்தது: சென்னை, பம்பாய், கல்கத்தா, தலைச்சேரி, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை. நிலக்காட்சிகளை ஜார்ஜ் லம்பர்ட்டும் கப்பல்களைச் சாமுவேல் ஸ்காட்டும் தீட்டினார்கள். இருவருமே இந்தியாவில் கால் வைத்ததில்லை. தன் சொத்து கடலுக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது என்று காட்டக் கம்பெனிக்கு ஒரு காட்சி வேண்டியிருந்தது; அது கிடைத்தது. வான் ரைனின் படமும் அந்த மரபில் வந்ததே.

வான் ரைனின் படம் வெளியான 1754-ஆம் ஆண்டையும் பாருங்கள். 1746-இல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1749-இல்தான் ஆங்கிலேயருக்கு அது திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் வடக்கு மதிலை அடுத்திருந்த கறுப்பர் நகரத்தின் வீடுகளில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். மிச்சத்தைப் பின்னர் ஆங்கிலேயரே இடித்தார்கள், பீரங்கிக் குண்டு செல்லும் பாதையில் எதுவும் நிற்கக்கூடாது என்பதற்காக. வணிகர்களும், கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் தரகர்களாகவும் இருந்த துபாஷிகளும், கைவினைஞர்களும் குடியிருந்த அந்த மண்ணில்தான் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது. கோட்டைக்குச் சோறும் துணியும் கூலியாளும் தந்த ஊர் அது. இந்தச் சென்னைக்குத்தானே நீங்கள் விழா எடுக்கிறீர்கள்! 1746-இல் நடந்ததைப் புதுச்சேரியிலிருந்தபடி ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய நாட்குறிப்பிலிருந்து நான்கு வரியை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அச்சிட எவ்வளவு இடம் பிடிக்கும்?

படத்தில் கோட்டை கடலோரமாக இருப்பது மட்டும் கற்பனையில்லை. 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து கடல் விலகியது. இதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கரையில் நின்று பார்த்தவர்களின் படங்களும் இருக்கின்றன. ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1790-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார்கள். 1797-இல் வெளியான அவர்களின் கோட்டைக் காட்சியில் அலை கொந்தளிக்கிறது. துறைமுகமே இல்லாத கரை இது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரையேறின. படகோட்டிகளின் கைத்திறன் இல்லாவிட்டால் கம்பெனிக்கு ஒரு மூட்டை துணிகூடக் கப்பல் ஏறியிருக்காது.

ஆகவே, வான் ரைனின் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். யார் வரைந்தது, எந்த ஆண்டு, எந்த ஊரில், யார் பார்ப்பதற்காக என்று இரண்டு வரி கீழே தாருங்கள். பக்கத்திலேயே டேனியல்களின் படத்தையும் அதே அளவில் வையுங்கள். வரும் ஆகஸ்டு கண்காட்சிக்கான பலகைகளை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம்.